எல்இடி விளக்கின் துடிப்பை வீட்டிலேயே அளப்பது எப்படி?

கேள்வி இதுதான். வீட்டில் இருந்த டியூப்லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்லா அறையிலும் எல்இடி போட்டிருக்கிறார்கள். நேராகப் பார்த்தால் சீராகத்தான் எரிகிறது. ஆனால் போன் கேமராவில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. சீலிங் ஃபேனை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வைத்தால் இறக்கைகள் ஏகப்பட்டவை இருப்பதுபோலத் தெரிகிறது. மகள் இரவில் படிக்க உட்கார்ந்தால் தலை வலிக்கிறது என்கிறாள். பல்பு வந்த பெட்டியில் 'ஃபிளிக்கர் ஃப்ரீ' என்று அச்சடித்திருக்கிறது. இது நிஜமாகவே துடிப்பா, துடிப்பு என்றால் எவ்வளவு, எப்படி அளப்பது?

துடிப்புதான். போனும் ஃபேனும் காட்டுவது உண்மை. ஆனால் எவ்வளவு துடிக்கிறது, அது கவலைப்பட வேண்டிய அளவா என்பதை அவை சொல்லாது. அதற்கு அளந்துதான் பார்க்க வேண்டும். அளப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் எல்லாவற்றையும் 'லைட் மினுக்குது' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. ஒன்றை அளக்கும் கருவி மற்றொன்றை அளக்காது. இந்தக் குழப்பத்தில்தான் 'ஃபிளிக்கர் ஃப்ரீ' என்ற அச்சு பிழைத்துக்கொண்டிருக்கிறது.

முதலாவது, கண்ணுக்கு நேராகவே தெரியும் மினுக்கல். நீங்களும் அசையவில்லை, அறையில் எதுவும் அசையவில்லை, ஆனாலும் வெளிச்சம் ஏறி இறங்குவது தெரிகிறது. இது மெதுவான துடிப்பு, விநாடிக்கு 80 தடவைக்குள் அடங்குவது. நம் கண் எல்லா வேகத்தையும் ஒரே மாதிரி கவனிப்பதில்லை. விநாடிக்கு எட்டு, ஒன்பது தடவை ஏறி இறங்கும் வெளிச்சத்தைத்தான் மிகக் கூர்மையாகப் பிடிக்கும். அதற்கு மேலே போகப் போகக் கூர்மை குறையும். 60 ஹெர்ட்ஸைச் (விநாடிக்கு 60 தடவை) சுற்றிப் பெரும்பாலானவர்களுக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்து சீரான வெளிச்சமாகிவிடும். வெளிச்சம் பலமாக இருந்தாலோ ஓரக்கண்ணால் பார்த்தாலோ அந்த எல்லை இன்னும் கொஞ்சம் மேலே போகும். பழைய டியூப்லைட்டின் முனைகள் ஓரக்கண்ணுக்கு மட்டும் துடிப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். டியூபின் நடுப்பகுதி விநாடிக்கு 100 தடவை துடிக்கும். முனைகளிலோ அதனுடன் 50 தடவைத் துடிப்பும் கலந்திருக்கும், அதனால் அங்கே மட்டும் கண் பிடித்துவிடுகிறது.

கிராமத்தில் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் கிளம்பும்போதும் தெருவில் வெல்டிங் நடக்கும்போதும் வீட்டு விளக்கு அடிபடுவது இந்த முதல் வகைதான். மின்சாரத் துறையினர் பல பத்தாண்டுகளாக இதை அளந்து வருகிறார்கள். அதற்கான ஃபிளிக்கர்மீட்டரின் விதிமுறை, ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61000-4-15. 60 வாட் குண்டு பல்பு, அதைப் பார்க்கும் மனிதக் கண், கண்ணிலிருந்து சேதி வாங்கும் மூளை, இந்த மூன்றையும் கணக்காக மாற்றிக் கருவிக்குள் வைத்திருக்கிறார்கள். கண் எவ்வளவு கூர்மை என்பதற்கு அந்த விதிமுறையில் இருக்கும் ஒரே ஒரு எண் போதும். 230 வோல்ட் மின்சாரம் விநாடிக்கு 8.8 தடவை வெறும் 0.25 சதவீதம் ஆடினாலே குண்டு பல்பின் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். 230 வோல்ட்டில் அது அரை வோல்ட்டுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அந்த மீட்டர் தரும் எண்ணின் பெயர் பிஎஸ்டி. மின்னழுத்தத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தையே நேராக வாங்கிக் கணக்குப் போட்டால் அது பிஎஸ்டி-எல்எம். அந்த எண் 1 என்றால், பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு மினுக்கல் தெரியும் என்று அர்த்தம்.

இரண்டாவது, உங்கள் ஃபேனில் தெரிவது. விளக்கு சீராக எரிவதுபோல இருக்கும், ஆனால் அசையும் பொருள் துண்டு துண்டாகத் தெரியும். இதுதான் ஸ்ட்ரோபோஸ்கோபிக் விளைவு. ஸ்ட்ரோப் என்று சுருக்கிக்கொள்கிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை உச்சத்தைத் தொடுவதால் விளக்குக்குப் போகும் சக்தி விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 10 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு.

ஃபேனுக்கு வருவோம். மூன்று இறக்கை. நிமிடத்துக்கு 333 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் அது சரியாக 20 டிகிரி நகர்கிறது. இரண்டு இறக்கைகளுக்கு இடையே 120 டிகிரி. அதாவது ஆறு துடிப்பில் ஒரு இறக்கை, முன்னால் போன இறக்கை இருந்த இடத்துக்கு வந்துவிடும். கண் இத்தனையையும் சேர்த்துப் பார்க்கும்போது மூன்றுக்குப் பதில் பதினெட்டு மங்கலான இறக்கைகள் அசையாமல் நிற்கும். வேகம் ஒரு பொட்டு குறைந்தால் பதினெட்டும் மெதுவாகப் பின்னோக்கி நகரும், கூடினால் முன்னோக்கி. ரெகுலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால் 286 சுற்றைத் தொடும்போது இருபத்தொரு இறக்கை நிற்கும். நீங்கள் சொன்ன 'ஒரு குறிப்பிட்ட வேகம்' இதுதான். ஜன்னலைத் திறந்து பகல் வெளிச்சத்தில் அதே வேகத்தில் பாருங்கள், ஒன்றும் தெரியாது.

வீட்டில் இது ஒரு தொந்தரவு மட்டுமே. பட்டறையில் ஆபத்து. என் அப்பா கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் உள்ளே போனேன். மெஷினுக்கு மேலே ஒற்றை டியூப்லைட். மூன்று ஜா சக் (வேலைப் பொருளை மூன்று தாடைகளால் கவ்விச் சுழற்றும் பாகம்) ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எனக்கு அது நின்றுகொண்டிருப்பதுபோலத்தான் தெரிந்தது. மூன்று ஜாவுக்குப் பதில் ஆறு ஜா, சாம்பல் நிறத்தில், லேசாக நடுங்கிக்கொண்டு. கிட்டே போய்க் கையை நீட்டிவிட்டேன். அப்பா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1000 ஆர்பிஎம்மில் ஒரு துடிப்புக்கு 60 டிகிரி, மூன்று ஜா சக்கில் ஆறு ஜா நிற்பதுபோல்தான் தெரியும். 2000 ஆர்பிஎம் என்றால் மூன்றே மூன்று ஜா, அச்சாக நின்ற சக். நான்கு ஜா சக்குக்கு அந்த வேகம் 1500. அடுத்த வாரமே எலக்ட்ரீஷியன் வந்து அந்த இடத்தில் இரட்டை டியூப் ஃபிட்டிங் மாட்டினார். ஒரு டியூபுக்கு வெறும் சோக், இன்னொன்றுக்கு சோக்குடன் ஒரு கெபாசிட்டர். ஒன்று மங்கும் நேரத்தில் மற்றது பிரகாசமாக இருக்கும். பெரிய தொழிற்சாலைகளில் அடுத்தடுத்த விளக்குகளை மூன்று ஃபேஸிலும் மாற்றி மாற்றிக் கொடுப்பதும் இதற்காகத்தான். மூன்று ஃபேஸின் துடிப்புகளையும் கூட்டினால் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய காணாமல் போய்விடும். எல்இடிக்கு மாறும்போது பல பட்டறைகளில் இந்த ஏற்பாட்டையே மறந்துவிட்டு, எல்லா விளக்கையும் ஒரே ஃபேஸில் கொடுத்துவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் நான் இவ்வளவு மெனக்கெடுவதற்கு அந்தச் சாயங்காலம்தான் காரணம்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொருள் அசையாமல், கண் வேகமாகத் திரும்பும்போது தெரிவது. இரவில் முன்னால் போகும் காரின் எல்இடி டெயில் லைட்டிலிருந்து பார்வையைச் சட்டென்று விலக்கினால், சிவப்புப் புள்ளிகள் வரிசையாகச் சிதறிப் போகும். கண் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும் வேகம் மிக அதிகம், ஆகவே 1000 ஹெர்ட்ஸைத் தாண்டிய துடிப்புகூட இப்படித் தெரிந்துவிடும். அறை விளக்கில் இது அரிதாகத்தான் தெரியும். சின்னதாக, பிரகாசமாக, இருட்டில் இருக்கும் விளக்கில்தான் பிரச்சினை.

சரி, அளப்பதற்கு வருவோம்.

பழைய அளவு ரொம்ப எளிது. வெளிச்சத்தின் உச்சத்திலிருந்து அடிமட்டத்தைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, நூறால் பெருக்கினால் ஏற்ற இறக்க சதவீதம். குண்டு பல்பில்கூட இது பூஜ்யம் கிடையாது. டங்ஸ்டன் இழை 10 மில்லி விநாடிக்குள் முழுக்க ஆறிவிடாது என்பதால் 10 சதவீதத்தைச் சுற்றி நிற்கும். வாட் கூடினால் இழை தடிமனாகும், அப்போது இன்னும் குறையும். சோக் போட்ட டியூப்லைட்டில் 30 சதவீதத்துக்கு மேலேகூடப் போகும். எல்இடிக்கு ஆறும் நேரம் என்றே ஒன்று கிடையாது. கரண்ட் நின்றால் அந்தக் கணமே வெளிச்சமும் நின்றுவிடும். ஆகவே மின்சாரம் எப்படிப் போகிறதோ வெளிச்சமும் அப்படியே. எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் உள் சர்க்யூட்டுக்கு டிரைவர் என்று பெயர். நல்ல டிரைவர் என்றால் 1 சதவீதத்துக்குக் கீழே, மோசமான டிரைவர் என்றால் 100 சதவீதம். இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே விலைக்குக் கிடைக்கின்றன.

இந்தச் சதவீதத்தில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. எவ்வளவு வேகத்தில் துடிக்கிறது என்பது இதில் இல்லை. 100 ஹெர்ட்ஸில் 50 சதவீதமும் 20,000 ஹெர்ட்ஸில் 50 சதவீதமும் ஒரே எண்தான். முதலாவது ஃபேனைத் துண்டாக்கும், இரண்டாவதை எந்தக் கண்ணும் பார்க்காது. துடிப்பின் வடிவமும் இதில் இல்லை. பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்தாலும் 100 சதவீதம், பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் பளிச்சென்று எரிந்தாலும் 100 சதவீதம். ஆனால் ஸ்ட்ரோப் விஷயத்தில் இரண்டாவதுதான் கடுமை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் எஸ்விஎம் என்ற அளவு வந்தது, ஸ்ட்ரோபோஸ்கோபிக் விசிபிலிட்டி மெஷர். 2018இல் ஐஇசி 63158 என்ற தொழில்நுட்ப அறிக்கையாக வெளியானது. வெளிச்சத்தின் அலையை எடுத்து, 80 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை அதில் கலந்திருக்கும் ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியே பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றும் சராசரி வெளிச்சத்தில் எவ்வளவு பங்கு என்று பார்த்து, அந்த அதிர்வெண்ணில் மனிதர்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும் எல்லையால் வகுக்க வேண்டும். கிடைத்த எண்களை 3.7ஆம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டி, மறுபடி 3.7ஆம் மூலம் எடுக்க வேண்டும். விடை 1 வந்தால், சராசரி மனிதருக்கு ஸ்ட்ரோப் தெரிவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அந்த எல்லைகளில் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் வீட்டுக் கணக்குக்குப் போதும். 100 ஹெர்ட்ஸில் சீரான சைன் அலைக்கு எல்லை சுமார் 25.6 சதவீதம். 200 ஹெர்ட்ஸில் 36 சதவீதத்துக்குச் சற்று மேல். 400இல் 62 சதவீதம். 1000 ஹெர்ட்ஸில் 97 சதவீதம், அதாவது முழுக்க அணைந்து எரிந்தால்தான் தெரியவே ஆரம்பிக்கும். நம் வீடுகளில் 100 ஹெர்ட்ஸ்தான் முக்கியமான வில்லன் என்பதால், உங்கள் விளக்கின் ஏற்ற இறக்க சதவீதத்தை 25.6ஆல் வகுத்தாலே எஸ்விஎம்முக்கு ஒரு நல்ல தோராயம் கிடைத்துவிடும்.

எவ்வளவு வரை பரவாயில்லை? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2020 என்ற ஒழுங்குமுறை 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டு எல்இடிக்கு முழு வெளிச்சத்தில் பிஎஸ்டி-எல்எம் 1ஐத் தாண்டக் கூடாது. எஸ்விஎம்முக்கு முதலில் 0.9 வரை விட்டார்கள், 2024 செப்டம்பர் 1 முதல் அதை 0.4 ஆக்கிவிட்டார்கள். 0.4 என்பது 100 ஹெர்ட்ஸில் சுமார் 10 சதவீதம், கிட்டத்தட்டப் பழைய குண்டு பல்பின் அளவு. ஐஇஇஇ என்ற மின், மின்னணுப் பொறியாளர் சங்கத்தின் 1789 என்ற 2015ஆம் வருடப் பரிந்துரை இன்னும் கறார். 100 ஹெர்ட்ஸில் 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு, 3.3 சதவீதத்துக்குள் இருந்தால் எந்தப் பாதிப்பும் காண முடியாது என்று கோடு போடுகிறது. படிக்கும் அறைக்கு நான் 0.4ஐ மேல் எல்லையாக வைத்துக்கொள்வேன். தாழ்வாரத்துக்கும் மொட்டை மாடிக்கும் அவ்வளவு கறார் வேண்டாம்.

இனி கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? போனில் ஆரம்பியுங்கள், ஆனால் சரியாகச் செய்யுங்கள். கேமரா தானாக இயங்கும்போது, பட்டை விழாதபடி ஷட்டரை 100இல் ஒரு பங்கு விநாடிக்குத் தானே சரிசெய்துகொள்ளும். அப்போது மோசமான விளக்குகூட நல்லதுபோல் தெரியும். 'ப்ரோ' முறைக்குப் போய் ஷட்டரை 2000இல் ஒரு பங்குக்கு வையுங்கள். விளக்கை நேராகப் படம் எடுக்காமல், அந்த விளக்கின் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை எடுங்கள். அகலமான, கறுத்த, தெளிவான பட்டைகள் என்றால் ஆழமான 100 ஹெர்ட்ஸ். லேசான நிழல்போல இருந்தால் பத்து, இருபது சதவீதத்துக்குள் இருக்கலாம். மிக நெருக்கமான மெல்லிய கோடுகள் என்றால் அதிர்வெண் அதிகம், பெரும்பாலும் கவலையில்லை. பட்டை தெரிந்தாலே விளக்கு மோசம் என்று முடிவுகட்டுவது தவறு. கேமராவின் ஷட்டருக்குத் தெரிவதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

போனைவிட எனக்கு நம்பிக்கை விளக்குமாற்று ஈர்க்குச்சியில்தான். வெளிர் நிறமான ஒரு ஈர்க்கை எடுத்துக்கொண்டு, கறுப்புத் துணிக்கு முன்னால், அந்த ஒரு விளக்கு மட்டும் எரியும்போது, விசிறிபோல வேகமாக ஆட்டுங்கள். நல்ல விளக்கில் மங்கலான ஒரே விசிறிப் பரப்பு தெரியும். மோசமான விளக்கில் தனித்தனிக் குச்சிகள் வரிசையாக நிற்கும். கை விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போனால் 100 ஹெர்ட்ஸில் இரண்டு குச்சிகளுக்கு இடையே 4 செண்டிமீட்டர் இடைவெளி இருக்கும். எஸ்விஎம் கணக்கிலும் மனித அசைவுக்கு வைத்திருக்கும் மேல் வேகம் அந்த 4 மீட்டர்தான். கடையில் பல்பு வாங்கும்போது கையில் ஒரு வெள்ளைப் பேனா இருந்தால் போதும். இடையில் உள்ள இடம் எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் பழகினால் 20 சதவீதத்தையும் 60 சதவீதத்தையும் கண்ணாலேயே பிரித்துச் சொல்லிவிடலாம்.

எண்ணே வேண்டும் என்றால், வெளிச்சத்தைக் கரண்டாக மாற்றும் ஒரு ஃபோட்டோடயோடும், வோல்ட் ஏறி இறங்குவதை அலையாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பும் (சுருக்கமாக ஸ்கோப்) வேண்டும். பிபிடபிள்யூ34 என்ற டயோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். 9 வோல்ட் பேட்டரியில் அதைத் தலைகீழாக, அதாவது ரிவர்ஸ் பயஸில் இணைத்து, அதனுடன் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வரிசையாகப் போட்டு, ரெசிஸ்டரின் இரு முனைக்கும் குறுக்கே ஸ்கோப்பை மாட்டுங்கள். குண்டு பல்பின் 1000 லக்ஸ் வெளிச்சத்தில் சுமார் 0.7 வோல்ட் வரும், எல்இடி வெளிச்சத்தில் அதைவிட நன்றாகவே குறையும், டயோடை விளக்குக்குக் கிட்டே வையுங்கள். ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு 1 நானோஃபாரட் கெபாசிட்டரையும் போட்டுவிட்டால் சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளவை மட்டுப்படும். டிரைவரின் உள் சுவிட்சிங் வந்து கணக்கைக் குழப்பாமல் இருக்க இது தேவை. இதில் எங்கும் 230 வோல்ட்டைத் தொட வேண்டியதில்லை. வெளிச்சத்தை மட்டும்தான் வாங்குகிறோம்.

செய்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கோப் டிசி கப்ளிங்கில் இருக்க வேண்டும். ஏசியில் வைத்தால் சராசரி வெளிச்சம் கழிந்துபோய், ஆட்டம் மட்டும் தெரியும். எதனோடு ஒப்பிட்டு சதவீதம் எடுப்பது? கம்ப்யூட்டரின் மைக் துளையில் சோலார் செல்லை மாட்டி அளக்கிறவர்களுக்கும் இதே கதி. அதிர்வெண் சரியாகக் கிடைக்கும், சதவீதம் கிடைக்காது. எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் உணரி) வேண்டவே வேண்டாம், அது வெளிச்சம் மாறுவதைத் தெரிந்துகொள்ளப் பல பத்து மில்லி விநாடிகள் எடுக்கும், துடிப்பை அதுவே மழுப்பிவிடும். இரவில் அளங்கள். ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் அடிமட்டத்தைத் தூக்கிவிட்டால் மோசமான விளக்கும் நல்ல எண் காட்டும். டயோடைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு ஒரு முறை பாருங்கள். அப்போதும் ஸ்கோப்பில் அலை தெரிந்தால், வயர் காற்றிலிருந்து 50 ஹெர்ட்ஸை வாங்குகிறது, வயரைச் சுருக்குங்கள். மூடியபோது வரும் வோல்ட்டைப் பூஜ்யமாகக் கொள்ளுங்கள். விளக்கு அரை மணி நேரமாவது எரிந்த பிறகு அளங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் அளக்கவே கூடாது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் அலையின் வடிவமே வேறு, அதில் அதே விளக்கு வேறு எண் காட்டும். இபி கரண்டில்தான் அளக்க வேண்டும்.

போன மாதம் ஒரு உறவினர் வீட்டு ஹாலில் நான் அளந்த விளக்கைச் சொல்கிறேன். மூடியபோது பூஜ்யம். எரியும்போது உச்சம் 0.62 வோல்ட், அடிமட்டம் 0.20. வித்தியாசம் 0.42, கூட்டு 0.82. ஏற்ற இறக்கம் 51 சதவீதம். 25.6ஆல் வகுத்தால் எஸ்விஎம் சுமார் 2, ஐரோப்பாவில் இன்று அனுமதிக்கும் அளவைப்போல ஐந்து மடங்கு. அந்தப் பெட்டியிலும் 'ஃபிளிக்கர் ஃப்ரீ' என்றுதான் இருந்தது. அச்சடித்தவர் பொய் சொன்னார் என்றுகூட வாதாட முடியாது. அந்த விளக்கில் முதல் வகை மினுக்கல் நிஜமாகவே இல்லை, பிஎஸ்டி-எல்எம் அளந்தால் அது தேறிவிடும். ஸ்ட்ரோப்பைப் பற்றி அந்த அச்சு எதுவும் சொல்லவில்லை. ஆகவே பெட்டியில் அந்த வார்த்தையைத் தேடாதீர்கள், எண்ணைத் தேடுங்கள். எஸ்விஎம் இவ்வளவு, பிஎஸ்டி-எல்எம் இவ்வளவு என்று போட்டிருக்கிற கம்பெனி குறைந்தபட்சம் அளந்து பார்த்திருக்கிறது.

ஸ்கோப்பில் எஸ்விஎம்மை முழுசாகவே கணக்கிட வேண்டும் என்றால் ஒரு விநாடி அலையை விநாடிக்கு 50,000 மாதிரி வேகத்தில் பதிந்து, கம்ப்யூட்டரில் ஃபூரியே பகுப்பு (அலையில் கலந்த அதிர்வெண்களைப் பிரிக்கும் கணக்கு) செய்தால் போதும். பிஎஸ்டி-எல்எம் அப்படியில்லை, அதற்கு மூன்று நிமிடப் பதிவாவது வேண்டும். மெதுவான ஆட்டம் அல்லவா, பொறுமையாகத்தான் பிடிக்க வேண்டும்.

விளக்கு ஏன் இப்படிச் செய்யப்படுகிறது என்பதையும் பார்த்துவிடலாம், வாங்கும்போது உதவும். ஒரு 9 வாட் பல்பு. மின்சாரம் அடுத்த உச்சத்துக்கு வரும்வரை, சுமார் 8 மில்லி விநாடி, உள்ளே இருக்கும் கெபாசிட்டர்தான் பல்பைத் தாங்க வேண்டும். அதற்கு வேண்டிய ஆற்றல் 0.072 ஜூல். 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 325 வோல்ட்டில் 0.248 ஜூல் வைத்திருக்கும். கொடுத்தது போக இன்னும் 274 வோல்ட் மிச்சம், வெளிச்சம் பெரிதாக விழாது. 1 மைக்ரோஃபாரட் என்றால் முழுசாகவே 0.053 ஜூல்தான், நடுவழியிலேயே தீர்ந்துவிடும். இரண்டு கெபாசிட்டருக்கும் விலை வித்தியாசம் சில ரூபாய். ஆனால் விலை மட்டும் காரணம் இல்லை. கெபாசிட்டர் பெரிதானால் மின்சாரத்தை உச்சத்தில் மட்டும் உறிஞ்சும், அப்போது பவர் ஃபேக்டர் (வாங்கும் கரண்ட் எவ்வளவு முறையாகப் பயன்படுகிறது என்பதைக் காட்டும் எண், 1 என்றால் முழுசு) 0.5, 0.6 என்று இறங்கிவிடும். பெட்டியில் 0.9 என்று போட வேண்டும், செலவும் கூடக் கூடாது என்றால், எளிய வழி கெபாசிட்டரையே எடுத்துவிடுவது. அப்போது வெளிச்சம் மின்சாரத்தைப் பின்பற்றி அப்படியே துடிக்கும். பவர் ஃபேக்டரும் வேண்டும், துடிப்பும் இருக்கக் கூடாது என்றால் இரண்டு அடுக்கு டிரைவரோ, வெளியேறும் பக்கம் பெரிய கெபாசிட்டரோ வேண்டும். அதற்கு நியாயமான விலை உண்டு, கொடுக்கத்தான் வேண்டும். தாங்கும் வெப்பத்துக்குள் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் பாதியாகும் என்பதும் கவனிக்க வேண்டியது. மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் மாட்டிய பல்பு வாங்கியபோது நன்றாக இருந்து, இரண்டு வருடத்தில் துடிக்க ஆரம்பிப்பது இதனால்தான்.

டிம்மரில் மாட்டியிருந்தால் முழு வெளிச்சத்தில் மட்டுமில்லாமல் பாதியிலும் கால்வாசியிலும் அளங்கள். பழைய டிம்மரோடு சேராத எல்இடி, குறைக்கும்போது முதல் வகை மினுக்கலையும் சேர்த்தே கொடுக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு அவ்வப்போது மின்னுகிறது என்றால் அது வேறு விஷயம். சுவிட்சில் இருக்கும் சிவப்பு இண்டிகேட்டர் வழியாகக் கசியும் கரண்ட் கெபாசிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி ஒரு தடவை மின்ன வைக்கிறது. இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக மாற்றினால் நின்றுவிடும்.

மகளின் தலைவலிக்கு வருகிறேன். துடிப்புக்கும் தலைவலிக்கும் தொடர்பு உண்டு என்பது வெறும் பேச்சு இல்லை. பிரிட்டனில் ஆர்னால்ட் வில்கின்ஸும் அவருடன் இருந்தவர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்குச் சாதாரண சோக் டியூப்லைட்டையும், மிக உயர்ந்த அதிர்வெண்ணில் எரியும் டியூப்லைட்டையும், எது எது என்று சொல்லாமலே மாற்றிப் பார்த்தார்கள். உயர் அதிர்வெண் விளக்கில் தலைவலியும் கண் வலியும் பாதிக்கும் கீழே இறங்கின. அதே சமயம், எல்லாத் தலைவலியையும் விளக்கின் தலையில் போட்டுவிடக் கூடாது. முதலில் கண் டாக்டரிடம் காட்டி, பவர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விளக்கு நேராகக் கண்ணில் படும்படி இருந்தால் அந்தக் கூச்சமே போதும், மேஜையைத் திருப்பிப் போடுங்கள்.

அப்புறம் வில்கின்ஸ் செய்ததையே வீட்டில் சின்னதாகச் செய்து பாருங்கள். ஈர்க்குச்சியிலும் ஸ்கோப்பிலும் தேறிய ஒரு விளக்கையும் இப்போது இருக்கும் விளக்கையும் ஒரே நிறம், ஒரே வாட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வெளியில் பார்த்தால் எது எது என்று தெரியாதபடி இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை நீங்களே மாற்றி மாட்டுங்கள், அவளிடம் சொல்ல வேண்டாம். தலை வலித்த நாட்களை மட்டும் காலண்டரில் அவளையே குறித்துவரச் சொல்லுங்கள். மாற்றிய தேதிகளை நீங்கள் தனியாக எழுதி வையுங்கள். ஆறு வாரம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.